மணி அடிக்கும் முன் மாரிஸ்

...பெட்ரோல் வருகிறது, அதில் சந்தேகமே இல்லை, பம்ப்பு பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக்கென்று சத்தம் கொடுக்கிறது, பிளக்கைக் கழற்றி மூக்கருகில் கொண்டுபோனால் வாசனை ஆளைத் தூக்குகிறது, தீப்பொறியும் இருக்கிறது, நீலமாக, அரை மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் கண் கூசும், சரி, அரை மைல் இல்லை, அரை அடி என்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் பொறி பொறிதானே, பெட்ரோலும் உண்டு பொறியும் உண்டு என்றால் அப்புறம் எதற்கு இந்த மாரிஸ் மைனர் கார் இரண்டு தரம் இருமிவிட்டு, மூன்றாம் தரம் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று அடங்கிப்போகிறது? மாமியார் வீட்டுக்கு முதல் தரம் வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு கூச்சப்பட மாட்டான். சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை வண்டியின் மூக்கிலேயே விட்டுவிட்டு இடுப்பை நிமிர்த்தினேன், எலும்பு ஒவ்வொன்றும் ஆஜர் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் சீட்டில் கிளாரா, ஒரு கை சோக் குமிழில், கால் ஆக்ஸிலேட்டரில், முகத்தில் பூசைக்கு நேரமாகிவிட்ட சாயல். "இன்னாங்க, நிறுத்திட்டீங்க? கை நோவுதா?" என்றாள். "நோவலை. வண்டி மூச்சு வாங்கட்டும்னு வுட்டேன்." "வண்டியா வாங்குது?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும், நான் பதில் சொன்னால் அந்தப் பதிலுக்குள்ளிருந்து இன்னொன்றை உருவி எடுப்பாள்.

நேரம் இல்லை, அதுதான் விஷயம், மாதா கோயிலில் உச்சிவேளை ஜெப மணி அடிப்பதற்குள் இந்த வண்டி சொந்த மூச்சில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வாசலில் நிற்கிற தணிகாசலத்தின் மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போக வேண்டும், அங்கே அவனுடைய பழைய இரும்புக் கடையில் கதவு தனி, கூரை தனி, சக்கரம் தனி என்று பிரித்துப் போட்டுவிடுவான், பானெட்டைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கப் போவதாக இப்போதே சொல்கிறான், பாவி. இது கிளாரா போட்ட சட்டம். ரிட்டயர் ஆகி வந்த நாள் முதல் நான் இந்தக் கொட்டகையிலேயே குடியிருக்கிறேனாம், சாப்பாட்டுத் தட்டில்கூட கிரீஸ் வாசனை வருகிறதாம், சொசைட்டிக்குப் பால் ஊற்ற அவளுக்கு இரண்டு எருமை வேண்டுமாம், எருமைக்குக் கொட்டகை வேண்டுமாம். "ஞாயித்துக்கிழமை மணி அடிக்கிறதுக்குள்ள ஓட்டிக் காட்டுங்க, நானே எருமையை மறந்துடறேன். ஓடலையா, தணிகாசலத்துக்கு நீங்களே கயிறு எடுத்துக் குடுக்கணும்." நானும் வீராப்பாக, மணி என்ன மணி, காலைப் பூசைக்கே உன்னை இதில்தான் கூட்டிப்போவேன் என்று சொல்லித் தொலைத்தேன். காலைப் பூசைக்கு நடந்துதான் போனோம். பிரசங்கம் முழுக்க எனக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிதான் கண்ணுக்குள் நின்றது, பாதர் என்ன சொன்னார் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

எங்கே தப்பு... எங்கேதான் தப்பு? முதலிலிருந்து யோசித்துப் பார், யாகப்பா. தர்மபுரிக்கு மாற்றல் வந்தபோது வண்டியைக் கட்டையில் ஏற்றி வைத்தேன், மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் என்றால் கம்பம் உள்ள இடமெல்லாம் சொந்த ஊர்தானே, நான் முன்னே போனேன், கிளாரா வீட்டை ஏறக்கட்டிவிட்டுப் பின்னே வந்தாள், அதற்கப்புறம் வண்டிக்கு ஒன்பது வருஷத் தூக்கம், நான் வெளியில் சொல்வது இருபது. திரும்பி வந்து கொட்டகைப் பூட்டை உடைத்தபோது, ஆமாம், உடைத்தேன், சாவி துருவாகிப் போயிருந்தது, உள்ளே பார்த்தால் சீட்டு முழுக்க நொச்சித்தழை, வேப்பந்தழை, காய்ந்து சருகாகி, டிக்கியைத் திறந்தால் ஒரு படி சாம்பல். எலியும் இல்லை, பூச்சியும் இல்லை, பாச்சை உருண்டை வைத்த பட்டுப்புடவை மாதிரி இருந்தது வண்டி. எஞ்சின் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, ஹேண்டிலைப் போட்டுத் தொங்கினால் நான்தான் ஆடினேன், அது அசையவில்லை. பிளக் துளை வழியாக மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தேன், கிணறே கொள்ளாத அளவுக்கு ஊற்றினேன், ரேஷன் மண்ணெண்ணெய் எங்கே போகிறது என்று கிளாரா தேட ஆரம்பித்த வாரத்தில்தான் அது அசைந்து கொடுத்தது, ஒரு அங்குலம், அடடா, அந்த ஒரு அங்குலத்துக்கு நான் போட்ட சத்தத்தில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் செம்பரம்பாக்கத்துக்கே பறந்துவிட்டது. பிரேக்கை மட்டும் படப்பையிலிருந்து மெக்கானிக் பாபு வந்து புதிதாகப் போட்டுக் கொடுத்தான், அதில் நான் கை வைக்கவில்லை, எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. டயர் மாற்றியாகிவிட்டது, பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தாகிவிட்டது, கார்புரேட்டரை மூன்று தரம் பிரித்து மூட்டியாகிவிட்டது, மூன்றாம் தரம் ஒரு திருகாணி மிச்சம் வந்தது, அது தேவையில்லாத திருகாணியாகத்தான் இருக்க வேண்டும்... அதுவோ? இல்லை. அது இல்லாமலும் இருமுகிறதே. மூச்சை உள்ளே இழுக்கத் தெரிகிறது, அப்புறம் விக்குகிறது. பாபு வந்து கேட்டுவிட்டு, இவ்வளவு நாள் படுத்த வண்டிக்கு இருக்கும் சார், சுத்த சுத்த சரியாயிடும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான்.

சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துவைத்துத்தான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உதைக்கிற உதையில் மணிக்கட்டு பறந்துவிடும், தாம்பரத்தில் எனக்கு இந்த வண்டியை விற்ற டாக்டர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான், அவரே இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு அதை ஓட்டிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் வந்தேனே, அப்போது இந்தப் பக்கத்தில் கார் என்றால் தேர்தலுக்கு வருவதுதான், யாரோ வேட்பாளர் என்று நினைத்து மாத்தூரில் ஒரு கிழவர் என்னிடம் மனுவே கொடுத்துவிட்டார், வாங்கிக்கொண்டேன், ஆவன செய்கிறேன் என்றும் சொன்னேன். இந்த வண்டியில் பதினேழு பிள்ளைகள் பிறந்தன என்று தர்மபுரியில் சொல்வேன், கிளாரா பக்கத்தில் இருந்தால் ஒன்று என்பாள், அதுவும் வண்டியில் இல்லை, வண்டி ஏறுவதற்கு முன்னாடியே வீட்டில் பிறந்துவிட்டது என்பாள். மழைக்காலத்தில் ஏரிக் கலங்கல் வழிந்தபோது தண்ணீரின்மேல் மிதந்தே வந்தோமே, அதையாவது ஒப்புக்கொள்கிறாளா என்றால், மிதந்தது செருப்பு என்கிறாள். அவளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கௌரவமாகக் கதை சொல்ல முடியாது. ஆனால் இதெல்லாம் உண்மையோ பொய்யோ, சொல்வதற்கு வண்டி என்று ஒன்று கண்முன்னால் நிற்க வேண்டாமா? பானெட் கோழிக்கூண்டுக்குப் போய்விட்டால் நான் எதைக் காட்டிக் கதை சொல்வேன்? வண்டி இல்லாத யாகப்பன் என்றால் யார், பென்ஷன் வாங்கும் நாளில் மட்டும் சட்டை இஸ்திரி போடுகிற ஒரு ஆள்...

"இன்னாண்ணா," என்று தணிகாசலம் உள்ளே வந்தான், வாயில் வெற்றிலை, தோளில் அந்தக் கயிறு, கயிற்றைக் கண்ணில் படுகிற மாதிரி போட்டுக்கொள்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம், "மாட்டை அவுக்கட்டுமா, பூட்டியே வெக்கட்டுமா? மணியடிக்கிற உபதேசியார் இப்பதான் வூட்லேர்ந்து கிளம்பிப் போறாரு. மணிக்கயிறாண்ட போய்ச் சேர்ற நேரம்தான் பாக்கி." "அவர் கால் வீங்கின ஆளு, மெதுவாத்தான் போவாரு, நீ போய் வெளியே நில்லு," என்றேன். போகவில்லை. மட்கார்டைத் தட்டிப் பார்த்தான், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, "நல்ல கனமான தகடுதாங்கா," என்று கிளாராவிடம் சொன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டான், தாழ்த்தினால் தெருக்கோடிவரைக்கும் கேட்கும் குரல் அவனுக்கு. "ஒண்ணு சொன்னா கோச்சுக்காதண்ணா. டிரைவர் சீட்டுல அக்காவைக் குந்த வெச்சிகினு நீ ஆயிரம் சுத்து சுத்தினாலும் வண்டி எப்படிக் கிளம்பும்? அதுக்கே ஒரு கூச்சமா இருக்காது?" நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அவன் சொன்ன விதம் அப்படி. கிளாரா சிரிக்கவில்லை, சோக் குமிழிலிருந்து கையை எடுத்தாள், முந்தானையால் அதைத் துடைத்தாள், கண்ணாடி வழியாக என்னையும் பார்க்காமல் அவனையும் பார்க்காமல், "ஏங்க, பின்னாடி கீற குழாய்ல அடைச்சதை எடுத்துட்டீங்கதானே?" என்றாள்.

எந்தக் குழாயில்? எதை? யார் அடைத்தது? "நீங்கதானே தர்மபுரிக்குப் போறப்ப, பஸ்ல ஏறிகினே, வண்டியை விதைநெல்லு மாதிரி பத்திரமா வெச்சுடு கிளாரா, விதைநெல்லு மாதிரின்னு ரெண்டு தபா சொன்னீங்க. விதைநெல்லை எப்படி வெப்பாங்க? தழை போட்டு, சாம்பல் போட்டு, வாயைத் துணியால அடைச்சு, சாணியும் களிமண்ணும் கொழைச்சுப் பூசிடணும். அப்படித்தான் வெச்சேன்." கடவுளே. நொச்சித்தழையைப் பார்த்தேன், சாம்பலைப் பார்த்தேன், குதிரில் நெல் வைக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான், மூன்றாவதாக வாய்ப்பூச்சு என்று ஒன்று இருக்குமே என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லையே! பின்பக்கம் போய் முதுகு தரையில் பட மல்லாந்து பார்த்தேன், சைலன்சர் குழாயின் வாயில் வழவழவென்று, என்ன அழகான பூச்சு, கைவிரல் வரிகூடப் பதிந்திருந்தது, காய்ந்து, தூசி படிந்து, இரும்போடு இரும்பாக ஒரே நிறம். மூச்சை இழுத்த வண்டி எதன் வழியாக விடும்? "இவ்ளோ நாளா ஏண்டி சொல்லலை?" என்று வண்டிக்கு அடியிலிருந்தே கத்தினேன். "நீங்க கேக்கலையே. மொத நாளே சொல்ல வந்தேன், எஞ்சின் சமாச்சாரம், உனக்கு இன்னா தெரியும், போய் சோத்தைப் பாருன்னீங்க. பாத்தேன்." தணிகாசலம் வெற்றிலையை விழுங்கிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நானும் சிரித்தேன், வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு, கண்ணில் மண் விழ விழ, எனக்கு என்னவோ ஆத்திரமே வரவில்லை, இத்தனை நாளும் நான் அவளுடைய சாணியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், ஜெயித்தது சாணி.

கடப்பாரையைக் கொடு, வேண்டாம், கம்பியைக் கொடு, கம்பியும் வேண்டாம், அந்த ஸ்குரூ டிரைவர்... குத்தக் குத்த ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது, அதற்குப் பின்னால் வைக்கோல் பிரி, வைக்கோலுக்குப் பின்னால் துணி, பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது, மந்திரவாதி வாயிலிருந்து எடுக்கிற மாதிரி, ஒரு கால், இன்னொரு கால், என் காக்கி அரைக்கால் சட்டை! சலவைக்காரர் தொலைத்துவிட்டார் என்று தர்மபுரியிலிருந்து வந்து சண்டை போட்டேனே, பாவம் மனிதர். "கிழிஞ்சதுதாங்க," என்றாள் கிளாரா மேலிருந்து, நான் கேட்கவே இல்லை. எழுந்து ஓடினேன், ஓடினேன் என்றால் ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொள்வார்கள் அப்படி ஓடினேன், கதவு வழியாகக் கையை விட்டு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று நானே ஆட்டிப் பார்த்தேன், இருக்கிறது, முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடித்தேன், கட்டைவிரல் உள்ளே, சூசையப்பரே, அந்தோணியாரே, நேரமில்லை, எல்லாரும் சேர்ந்து வாருங்கள், கிளாரா, சோக்கை இழு!

ஒரு சுற்று. அவ்வளவுதான், ஒரே சுற்று. பின்னால் பீரங்கி வெடித்தது, குழாயிலிருந்து மிச்ச மண்ணும் வைக்கோலும் கரும்புகையும் ஒன்றாகப் பறந்து கொட்டகைச் சுவரில் அப்பிக்கொண்டன, மாடுகள் இரண்டும் ஒரு முழம் துள்ளின, அப்புறம் அந்தச் சத்தம்... துடிதுடிதுடியென்று, ஒன்பது வருஷமாக நான் கனவில் கேட்டு, விழித்தால் மின்விசிறியாக இருந்த சத்தம். பானெட் நடுங்கியது, இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டேன். அதே நேரத்தில் கோயில் மணி. அதே நேரம் என்றால் அதே நேரம். "மணி மொதல்ல அடிச்சுச்சுண்ணா!" என்று தணிகாசலம் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினான். "வண்டி மொதல்ல. உனக்குக் காது டப்பா." "மாதா மேல சத்தியமா மணிதான்." "உனக்கேதுடா மாதா? உன் முருகன் மேல சத்தியம் பண்ணு." "முருகன்மேல வேணாம்ணா, அவரு கொஞ்சம் கோவக்காரர்." "அப்ப பொய்தானே சொல்றே?" "உங்க உபதேசியாரையே கேப்போம், வா." "அவருக்குப் பக்கத்துல இடி விழுந்தாலே கேக்காது." "சரி, அக்கா சொல்லட்டும். அக்காதானே பந்தயம் கட்டினது, அக்கா இன்னா சொன்னாலும் நான் கட்டுப்படறேன்," என்றான். கிளாராவுக்குப் பொய் வராது, கலங்கல் தண்ணீரில் செருப்பைத்தான் மிதக்கவிட்டவள், மணி முதலில் அடித்திருந்தால் மணி என்றுதான் சொல்வாள், மணி முதலில்தான் அடித்ததோ என்று எனக்கே ஒரு சின்ன... இருவரும் அவளைப் பார்த்தோம். அவள் எங்களைப் பார்த்தாள், ஒரு நொடி. சோக்கை உள்ளே தள்ளினாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் குதித்தோம், மாரிஸ் கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டது.

"அக்கா... அக்காவோவ்!" என்று தணிகாசலம். "பிரேக்கு! கிளாரா, நடுவுல கீறது பிரேக்கு!" என்று நான், வாயைத் திறந்தால் எனக்கே இந்த ஊர்ப்பேச்சு வந்துவிடுகிறது. தெருவில் பாஞ்சாலி விரித்திருந்த வேர்க்கடலையை ஒதுக்கி, சுவரை ஒதுக்கி, வண்டி போகிறது. "ஏறுண்ணா, ஏறு!" தணிகாசலம் மாட்டைத் தட்டினான், நான் பின்பக்கத்தில் தாவி உட்கார்ந்தேன், காரை இழுத்துப்போக வந்த வண்டியில் கார்க்காரன் சவாரி, ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. பாவம், பயந்து போயிருப்பாள், கால் ஆக்ஸிலேட்டரில் மாட்டிக்கொண்டிருக்கும், நியூட்ரலிலிருந்து தானாக எப்படி... கியர் தானாக எப்படி விழும்? நானே ஆட்டிப் பார்த்தேனே. தெருத் திருப்பத்தில் வாத்துக் கூட்டம் ஒன்று குறுக்கே இறங்கியது, ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டேன், சத்தம் எதுவும் வரவில்லை, திறந்து பார்த்தால் வண்டி நின்றிருந்தது, எஞ்சின் அணையாமல், அமைதியாக, கடைசி வாத்து ஆடி ஆடிக் கடந்து முடிகிற வரைக்கும். தப்பித்தோம், இறங்கிவிடுவாள் என்று நான் காலைத் தொங்கப்போட்டேன். ஹார்ன் அடித்தாள், வாத்துக்கு நன்றி சொல்கிற மாதிரி இரண்டு தரம், மறுபடியும் கிளம்பிவிட்டாள்.

நிறுத்தத் தெரிகிறது. அப்படியானால்... தணிகாசலம் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் வைக்கோலைப் பார்த்தேன். இந்த வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அத்தனை பயணத்திலும் கிளாரா தலையைக் குனிந்துகொண்டுதான் வருவாள், மடியில் ஜெபமாலை, உதடு அசையும், என் வேகத்துக்குப் பயந்து ஜெபம் சொல்கிறாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறேன், என் பெண்டாட்டிக்குப் பக்தி வந்ததே என் டிரைவிங்கால்தான் என்று. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஜெபமாலையை இல்லையோ? என் காலையோ? கிளட்ச் எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டு... அடி கள்ளி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கோபமாக இருக்கலாமா என்று ஒரு தரம் முயன்று பார்த்தேன், வெயில் நன்றாக இருந்தது, மாட்டு மணி நன்றாக இருந்தது, முடியவில்லை. "தொரத்தலாமாண்ணா, இல்ல இப்படியே போலாமா?" என்றான் தணிகாசலம், கயிறு எங்கே விழுந்தது என்றுகூட அவன் கவனிக்கவில்லை. "இப்படியே போ," என்றேன். தூரத்தில் ஒரகடம் ரோட்டின் புளியமர நிழலுக்குள் வண்டி ஏறியது, எஞ்சின் குரல் ஒரு தரம் தாழ்ந்து எழுந்தது, இரண்டாவது கியர், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், சத்தமே இல்லை, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி விழுந்தது. அந்த இரண்டாவது கியர் நான் போட்டால் கரகரவென்று அரைக்கும், வாங்கிய நாளிலிருந்து அரைத்துக்கொண்டுதான் இருந்தது, டாக்டர் ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான் என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்... என் காலைப் பார்த்துக் கற்றவளுக்கும் அரைக்கத்தானே வர வேண்டும்? அப்படியானால் அத்தனை பயணத்திலும் அவள் எண்ணிக்கொண்டு வந்தது என் கால் செய்த தப்பைத்தானோ?